லேசிக்: பதினைந்து வருடம் ஓட்டிப் பார்த்தபின் ஒரு விமர்சனம்

கண்ணாடியைத் தூக்கிப்போடுவதற்காக லேசரால் கருவிழியைச் சீவுகிற லேசிக் அறுவை பற்றி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், கண்ணில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியை எடுத்த சூட்டோடு எழுதிவிடுகிறார்கள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. நேற்றுவரை தலைமாட்டில் கண்ணாடியைத் தடவித் தேடியவனுக்கு இன்று சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் தெரிந்தால் வாயடைத்துத்தான் போகும். ஆனால் அது ஒரு வாரத்துச் சந்தோஷம், சீவியது ஆயுசுக்கும். பத்துப் பதினைந்து வருடம் போனபிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் குறைவு. நான் செய்துகொண்டு பதினைந்து வருடம் தாண்டிவிட்டது, வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது, வெள்ளெழுத்தும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம். தூரப் பார்வைக்குப் பத்துக்கு ஒன்பது. இரவில் வண்டி ஓட்டுவதற்கு ஏழு. கண் உலர்வு விஷயத்தில் ஆறு. பணம் கட்டிய பிறகு மருத்துவமனை என்னைக் கவனித்துக்கொண்ட விதத்துக்கு மூன்று, அதுவும் தாராள மனசோடு.

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 5.5, இடதில் மைனஸ் 6, இரண்டிலும் கொஞ்சம் சிலிண்டர் (கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததற்கான பவர்). சோடாபுட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிப்போன பவர் அது. கண்ணாடி போடாதவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு: அவ்வளவு மைனஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், பார்க்கிறவர்களுக்கு நம் கண்ணும் சின்னதாகத் தெரியும். ஓரத்தில் பார்த்தால் எல்லாம் வளையும். அறுவைக்குப் பிறகு என் கை எனக்கே பெரிதாகத் தெரிந்தது. இந்த லாபத்தை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை, ஆனால் பவர் அதிகமுள்ளவர்களுக்கு இது நிஜமான லாபம்.

சரி, என்னதான் செய்கிறார்கள்? கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிந்த படலம் (கார்னியா). கண்ணின் மொத்த பவர் சுமார் 60 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) என்றால் அதில் 43 கருவிழியுடையது, மிச்சம்தான் உள்ளே இருக்கும் லென்ஸுக்கு. கிட்டப்பார்வைக்காரர்களில் பெரும்பாலானோருக்குக் கருவிழியில் கோளாறே கிடையாது. கண் உருண்டை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் நீண்டுவிட்டது, அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். நீண்ட உருண்டையைக் குட்டையாக்க வழியில்லாததால், கோளாறே இல்லாத கருவிழியின் நடுப்பகுதியைச் சீவித் தட்டையாக்கிப் பிம்பத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் பாதிப் புகார்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கருவிழியின் நடுவில் கனம் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 6 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு டயாப்டர் குறைக்கச் சுமார் 12 மைக்ரான் சீவ வேண்டும். மைனஸ் 6 என்றால் 72. இதற்கு மேல் ஃப்ளாப் என்று ஒரு மெல்லிய மூடியை வெட்டித் தூக்கவேண்டும், அது ஒரு 100 முதல் 130 வரை போகும், பழைய பிளேடு இயந்திரத்தில் இன்னும் கூடப் போகும். இதெல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரான் தொடாமல் மிச்சமிருக்க வேண்டும் என்பது பழைய விதி, இப்போது பல மருத்துவர்கள் 300க்குக் கீழே இறங்கத் தயங்குகிறார்கள். ஆலோசனைக்குப் போகிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைத் தாங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். என் கருவிழிக் கனம் எவ்வளவு, எவ்வளவு எடுப்பீர்கள், எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் நல்ல மருத்துவர் உடனே சொல்லிவிடுவார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் நடையைக் கட்டுங்கள்.

அறுவையைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று, நான் சுருக்கமாக. மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமை மூடாமலிருக்க ஒரு கம்பி. அப்புறம் கண்மேல் ஒரு வளையத்தை வைத்து உறிஞ்சிப் பிடிப்பார்கள், அந்த அழுத்தத்தில் பார்வை ஓரத்திலிருந்து சாம்பலாகிக்கொண்டே வந்து சில நொடிகள் அணைந்தே போகும். எனக்கு உண்மையில் பயமாக இருந்தது அந்தச் சில நொடிகள்தான். மோட்டார் ரீங்காரம் ஒன்று கேட்கும் (எனக்குச் செய்தது பிளேடு முறை, இப்போது பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசர்), பிறகு வளையம் வெளியே. மூடியைப் புரட்டுவதை அந்தக் கண்ணாலேயே பார்ப்போம்: பொட்டாக நின்ற விளக்கு சட்டென்று கரைந்து அகலமாகப் பரவிவிடும். அந்தக் கலங்கலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். டக்டக்கென்று சத்தம், முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை, ஒரு நிமிடம்கூட இருக்காது. மூடியைத் திருப்பி வைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரப் பஞ்சால் நீவிவிட்டால் வேலை முடிந்தது. தையல் கிடையாது.

அந்த வாசனை இருக்கிறதே, அதை வைத்துச் சதை கருகுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். கருவிழியைச் சீவுகிற எக்ஸைமர் லேசர் என்பது 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. அது சூடேற்றி எரிப்பதைவிட மூலக்கூறுகளின் பிணைப்பை நேரடியாக உடைத்துப் பறக்கவிடுகிறது, பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவுவதில்லை. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்மவர், சென்னையில் பிறந்து அங்கேயே பட்டம் பெற்ற ரங்கசாமி சீனிவாசன். 1981இல் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். ஓரம் கருகாமல் கத்தரித்த மாதிரி ஒரு வெட்டு. அங்கிருந்து சில வருடங்களில் அது கருவிழிக்கு வந்து சேர்ந்தது. ஃப்ளாப்போடு சேர்த்து லேசிக்காக ஆக்கியதில் கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸுக்குப் பெரிய பங்கு. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு புகாரும் இல்லை, இது மனித மூளையின் அழகான வேலைகளில் ஒன்று. என் புகார் எல்லாம் அதை விற்கிற விதத்தில்.

முதலில் உலர்வு. கருவிழி உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடங்களில் ஒன்று. ஃப்ளாப் வெட்டும்போது அந்த நரம்புகளில் பெரும்பகுதி அறுபடுகிறது. கண் காய்ந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்ல ஆளில்லாமல் போகிறது, கண்ணீர் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் நரம்பு வளர்ந்து பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். எனக்கும் பெருமளவு சரியானது, முழுக்க இல்லை. எப்படி இருக்கும் என்றால், குளிரூட்டிய அறையில் தூங்கி எழும்போது மேல் இமை கருவிழியோடு லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டென்று கண்ணைத் திறந்தால் நகத்தால் கீறியது போல ஒரு சுரீர். அதனால் எழுந்ததும் கண்ணைத் திறக்காமலே விழியை இப்படி அப்படி உருட்டி, ஈரம் வந்ததும் மெல்லத் திறக்கிறேன். பழகிவிட்டது. ஆனால் தினமும் செய்கிற வேலை. மேசையில், பையில், வண்டியில் என்று பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள் கிடக்கின்றன. நாள் முழுக்கத் திரை பார்க்கிற வேலை என்றால் இமைப்பது ஏற்கெனவே குறைவு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டாலே உறுத்துகிறது, அதனால் லேசிக் செய்துகொள்ளப் போகிறேன் என்று சிலர் சொல்வார்கள். உறுத்தலுக்குக் காரணம் உலர்வு என்றால் அவர்கள்தான் இரண்டு முறை யோசிக்க வேண்டியவர்கள். மிகச் சிலருக்கு நரம்பு தாறுமாறாக வளர்ந்து, பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே தீராத கண்வலி நிற்கிறது. அரிது, ஆனால் வந்தவர்களுக்கு அது வாழ்க்கையையே திருப்பிப்போடுகிற விஷயம். ஒப்புதல் படிவத்தில் அது எங்கோ ஒரு வரியாக இருக்கும், அந்த வரியைப் படியுங்கள்.

இரவு விளக்குகள். எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கைச் சுற்றி ஒரு வளையம், தெருவிளக்கிலிருந்து கதிர் கதிராக நீளும் கோடுகள். முதல் வருடம் நன்றாகவே தெரிந்தது. இப்போது மழை பெய்து சாலை நனைந்திருந்தால் தெரியும், மற்ற நேரத்தில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். குறைந்ததா, மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டதா என்றால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இருட்டில் கண் பாப்பா (வெளிச்சம் நுழையும் நடுத் துளை) விரியும்போது சீவிய வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போவதுதான் மூலகாரணம், அதனால் பவர் அதிகமாக இருந்தவர்களுக்கும் பழைய சின்ன வட்ட முறையில் செய்தவர்களுக்கும் தொல்லை கூடுதல்.

இது என் ஒருவன் புலம்பல் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மற்ற அரசு அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய ப்ரௌல் என்ற ஆய்வு 2017இல் வெளியானது, ஒரு குழுவில் கடற்படைக்காரர்கள், இன்னொரு குழுவில் பொதுமக்கள். அறுவைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம், இரட்டைப் பிம்பம் என்று எந்தத் தொல்லையும் இல்லாதவர்களில், 3 மாதம் கழித்துப் புதிதாக ஏதாவது ஒன்று இருப்பதாகச் சொன்னவர்கள் ஒரு குழுவில் 43%, இன்னொன்றில் 46%. உலர்வே இல்லாதவர்களில் 28% வரை புதிதாக உலர்வு சொன்னார்கள். படித்ததும் தூக்கிவாரிப்போடும். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: ஏற்கெனவே தொல்லை இருந்தவர்களில் பலருக்கு அது போய்விட்டது, அந்தத் தொல்லையால் அன்றாட வேலை ரொம்பக் கஷ்டம் என்றவர்கள் 1%க்கும் கீழே, அதிருப்தி சொன்னவர்கள் சில சதவீதம்தான். எதிர்ப்பாளர்கள் முதல் பாதியை மட்டும் காட்டுவார்கள், விளம்பரக்காரர்கள் இரண்டாவது பாதியை மட்டும். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, எனக்கு அறுவையில் திருப்திதான், இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்கலாம்.

பவர் திரும்பி வருமா? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். வரும், கொஞ்சம் வரும். எவ்வளவு பெரிய பவரில் ஆரம்பித்தோமோ அவ்வளவு வாய்ப்பு. ஸ்பெயினின் ஹோர்ஹே அலியோ குழு 10 வருடம் பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன: மைனஸ் 10 வரை இருந்த கண்களில் 73% பத்து வருடம் கழித்தும் இலக்கிலிருந்து ஒரு டயாப்டருக்குள் நின்றன, மைனஸ் 10க்கு மேல் இருந்தவற்றில் 42% மட்டுமே. முதல் வகையில் ஐந்தில் ஒரு கண்ணுக்கு மறுபடி லேசர் தேவைப்பட்டிருக்கிறது. அவையெல்லாம் 90களின் இயந்திரங்கள், இன்றைய இயந்திரத்தில் நிலைமை இதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பாடம் மாறவில்லை, மைனஸ் 3 காரரும் மைனஸ் 9 காரரும் ஒரே பொருளை வாங்குவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் "எனக்குச் சூப்பராக இருக்கு" என்றால் அவருடைய பழைய பவரைக் கேளுங்கள்.

திரும்புவதற்குக் காரணம் லேசர் கரைந்துபோவதல்ல. தட்டையாக்கிய நடுப்பகுதியின்மேல் கருவிழியின் மேல்தோல் மெல்லக் கனத்து, பள்ளத்தைக் கொஞ்சம் நிரவிவிடுகிறது. சிலருக்கு, முக்கியமாகப் பவர் அதிகமுள்ளவர்களுக்கு, பெரியவர்களான பிறகும் கண் உருண்டை நீண்டுகொண்டே போகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் திடீரென்று மைனஸ் ஏறினால் அது லேசிக்கின் குற்றமே அல்ல, உள்ளே கண்புரை ஆரம்பித்திருக்கலாம். எது காரணம் என்று பார்க்காமல் "வாங்க, ஒரு டச்சப் போட்டுடலாம்" என்பவரிடம் கண்ணைக் காட்டாதீர்கள். என் கணக்கு: வலது கண் கிட்டத்தட்ட ஆரம்பத்தில் இருந்தபடியே, 6/6 முழுசாகப் படிக்கும். இடது கண் மைனஸ் 0.75க்கு இறங்கியிருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கையில் பகலில் ஒரு குறையும் தெரியாது.

ஃப்ளாப் பற்றி ஒரு வார்த்தை. ஓரத்தில் மெல்லிய தழும்பு பிடித்துக்கொள்ளும், உள்ளே அது பழைய பலத்தில் ஒட்டுவதே இல்லை. பல வருடம் கழித்தும் மருத்துவரால் அதே மூடியைத் திரும்பத் தூக்க முடிகிறது என்பதே அதற்குச் சாட்சி. கண்ணில் விரல் குத்தி வருடக்கணக்கான ஃப்ளாப் நகர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. சாதாரண வாழ்க்கையில் கவலைப்பட ஒன்றுமில்லை, குத்துச்சண்டை போடுகிறவர்கள் கவலைப்படலாம். இதைவிடப் பயப்பட வேண்டியது எக்டேசியா: மெலிந்த கருவிழி உள்ளழுத்தம் தாங்காமல் மெதுவாக முன்னே பிதுங்கி, கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாமல் போவது. ஆயிரத்தில் ஒரு சிலருக்கு வரலாம். வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். வந்தால் ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சும் கிராஸ்லிங்க்கிங் முறையில் நிறுத்தப் பார்ப்பார்கள். வராமல் தடுக்க ஒரே வழி ஆரம்பத்திலேயே ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான். கருவிழியின் மேடுபள்ளம் காட்டும் டோப்போகிராஃபி வரைபடத்தில் கூம்புக் கருவிழியின் அறிகுறி இருக்கிறதா, கனம் போதுமா, கண்ணைக் கசக்குகிற பழக்கம் இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமிருந்தால் திருப்பி அனுப்புகிற மருத்துவர் கடவுள் மாதிரி. "உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லப்பட்டவர்கள் அடுத்த இடம் தேடி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஓடாதீர்கள்.

இப்போது அந்த நீண்ட கண் உருண்டைக்கு வருவோம். முன்பக்கத்தைச் சீவியதால் பின்பக்கம் மாறாது. மைனஸ் 6 கண்ணின் விழித்திரை இன்னும் மைனஸ் 6 கண்ணின் விழித்திரைதான், இழுபட்டு மெலிந்தது. கிழிசல், பிரிதல், இதெல்லாம் மற்றவர்களைவிடக் கூடுதல் வாய்ப்பு. கண்ணாடி போய்விட்டதால் நாமும் கண் மருத்துவரை மறந்துவிடுகிறோம், அதுதான் ஆபத்து. திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினால், கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதந்தால், ஓரத்தில் திரை இறங்கினாற்போல் இருந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். வருடம் ஒருமுறை பாப்பாவை விரித்து விழித்திரை பார்ப்பது லேசிக் செய்தவருக்கும் கட்டாயம். கண் அழுத்தமும் அப்படித்தான். மெலிந்த கருவிழியில் அழுத்தம் அளந்தால் கருவி உண்மையைவிடச் சில புள்ளி குறைத்துக் காட்டும். கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடுகிற கிளாகோமா வரும் வாய்ப்பும் கிட்டப்பார்வைக்காரர்களுக்குச் சற்று அதிகம். ஆக, கிளாகோமாவைத் தேடவேண்டிய கண்ணில்தான் அளவுகோல் குறைத்துக் காட்டுகிறது. எந்தப் புதிய கண் மருத்துவரிடம் போனாலும் நான் முதலில் சொல்வது "லேசிக் செய்த கண்" என்பதைத்தான். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, நாம் சொன்னால்தான் உண்டு.

அடுத்து வெள்ளெழுத்து. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விற்பனைப் பேச்சில் இது அரை வரியில் கடந்துபோகும். நாற்பது, நாற்பத்தைந்து வாக்கில் கண்ணுள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடும், கிட்டத்தில் குவிக்கும் சக்தி போய்விடும். இது எல்லோருக்கும் வரும், லேசிக்கால் வருவதில்லை. ஆனால் கிட்டப்பார்வைக்காரனிடம் இதற்கு இயற்கை கொடுத்த ஒரு வழி இருந்தது: கண்ணாடியைக் கழற்றினால் போதும். மைனஸ் 3 காரருக்கு வெறுங்கண்ணில் 33 சென்டிமீட்டரில் எல்லாம் பளிச், புத்தகம் படிக்க அச்சான தூரம். எழுபது வயதில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படிக்கிற பெரியவர்கள் இந்தக் கூட்டம்தான். லேசிக் செய்துகொண்டால் இந்தச் சலுகையை ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். அதோடு, மைனஸ் கண்ணாடி போட்டிருக்கும்போது கிட்டத்தில் பார்க்கக் கண் கொஞ்சம் குறைவாகத்தான் உழைக்கும், கண்ணாடி போனதும் அந்தச் சின்ன உதவியும் போகிறது. ஆகவே கண்ணாடி போடும் சக வயதுக்காரரைவிட நமக்கு வெள்ளெழுத்து கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டதாகத் தோன்றும். மருந்து அட்டையின் பின்பக்கத்தைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படிக்கிறேன் இப்போது. இருபத்தைந்தில் செய்தால் கண்ணாடியில்லாத பதினைந்து இருபது வருடம் கையில் கிடைக்கிறது, அது நல்ல பேரம். நாற்பத்து மூன்றில், அதுவும் மைனஸ் 2, 3 பவருக்குச் செய்துகொள்வதென்றால் தூரக் கண்ணாடியைக் கொடுத்துப் படிக்கும் கண்ணாடியை வாங்குகிறோம், சில வருடத்துக்குள்ளேயே. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றை மைனஸ் ஒன்று, ஒன்றரையில் கிட்டத்துக்கும் விடுகிற மோனோவிஷன் ஏற்பாடு இருக்கிறது. சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குத் தலை சுற்றும். முதலில் கான்டாக்ட் லென்ஸில் அந்த ஏற்பாட்டைச் சில வாரம் போட்டுப் பார்க்காமல் லேசருக்குப் படுக்காதீர்கள்.

மருத்துவமனைக்குப் போட்ட மூன்று மதிப்பெண் கதைக்கு வருகிறேன். அறுவைக்கு முன் தேன் ஒழுகப் பேசினார்கள், அறுவையும் சுத்தமாகச் செய்தார்கள், அதில் குறை இல்லை. கையில் கொடுத்தது ஒரு பக்கச் சுருக்கம், அதில் பாதி சொட்டு மருந்து அட்டவணை. சில வருடம் கழித்து அறுவைக்கு முந்தைய அளவுகள் வேண்டும் என்று போய்க் கேட்டபோது, கணினி மாற்றிவிட்டோம், பழையது எடுக்க முடியாது என்று முகப்பு மேசையிலேயே முடித்துவிட்டார்கள். அதென்ன அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். எதிர்காலத்தில் கண்புரை வந்தால் உள்ளே செயற்கை லென்ஸ் வைப்பார்கள், எந்தப் பவர் லென்ஸ் என்பதைக் கருவிழியின் வளைவை வைத்துக் கணக்கிடுவார்கள். வழக்கமான கணக்கு, முன்பக்க வளைவை அளந்து பின்பக்கத்தை ஊகித்துக்கொள்கிறது. நமக்கு முன்பக்கம் மட்டும் தட்டை, பின்பக்கம் பழையபடி. கணக்கு தப்பி, தேவையைவிடப் பவர் குறைந்த லென்ஸ் வைத்து, கண் பிளஸ் பக்கம் போய்விடும், தூரமும் தெளியாது, கிட்டமும் தெளியாது. லேசிக் கண்களுக்கென்றே பாரெட் ட்ரூ-கே போன்ற சூத்திரங்கள் வந்துவிட்டன, பழைய அளவு இல்லாமலும் சமாளிக்கிறார்கள். ஆனாலும் அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, கனம், எவ்வளவு சீவினார்கள், இந்த நாலும் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. பணம் கட்டுவதற்கு முன்பே இந்த அறிக்கைகளின் நகல் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், டோப்போகிராஃபிப் படத்தோடு. புகைப்படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். "வாழ்நாள் உத்தரவாதம்" என்று அட்டை கொடுத்தார்களே என்பீர்கள். என்னிடமும் இருக்கிறது. வருடாவருடம் அவர்களிடமே காசு கட்டிப் பரிசோதனை செய்தால்தான் செல்லும் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது, வெள்ளெழுத்து வருமுன் படித்ததால் தெரிந்தது.

மற்ற முறைகளைப் பற்றி வேகமாக. பிஆர்கே என்பது ஃப்ளாப் இல்லாமல் மேல்தோலைச் சுரண்டிவிட்டு நேரடியாக லேசர். மூன்று நாலு நாள் நல்ல வலி, பார்வை தெளிய வாரக்கணக்கு, ஆனால் நகர்வதற்கு மூடியே இல்லை. கருவிழி கனம் குறைந்தவர்களுக்கும் அடிபட வாய்ப்புள்ள வேலைக்காரர்களுக்கும் இதுதான் பொருத்தம், நீண்டகாலத்தில் லேசிக்கோடு சமமாகவே நிற்கிறது. ஸ்மைல் என்பது உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் செதுக்கி, சில மில்லிமீட்டர் வெட்டு வழியாக உருவி எடுப்பது. அமெரிக்காவில் 2016இல் அனுமதி வந்தது. நரம்பு குறைவாக அறுபடுவதால் ஆரம்ப உலர்வு குறைவு, ஆனால் பின்னால் திருத்தம் தேவைப்பட்டால் தூக்க மூடி இல்லை, பெரும்பாலும் பிஆர்கே வழியில்தான் போகவேண்டும். எட்டு, பத்துக்கு மேல் பவர் உள்ளவர்கள் கருவிழியைச் சீவாமல் உள்ளே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் பற்றிக் கேளுங்கள். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பது அதன் பலம், கண்ணுக்குள் நுழைகிற அறுவை என்பது அதன் பலவீனம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே, ஒரு வருடத்தில் அரைப் புள்ளிக்கு மேல் பவர் மாறிக்கொண்டிருந்தால், கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால் இப்போதைக்கு வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுக்கும் முன் அதைக் கழற்றி வைக்க வேண்டும், மென்மையானது என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமானது என்றால் இன்னும் அதிகம். லென்ஸ் அழுத்திக் கருவிழியின் உருவத்தை மாற்றி வைத்திருக்கும், அந்த உருவத்தை அளந்து சீவினால் தப்பாகத்தான் முடியும். "லென்ஸ் போட்டிருந்தா பரவாயில்ல, இன்னைக்கே ஸ்கேன் பண்ணிடலாம்" என்று சொல்கிற இடம் இருந்தால் அங்கே வேறென்னவெல்லாம் பரவாயில்லை என்று விடுவார்களோ.

இடது கண்ணின் அந்த மைனஸ் 0.75ஐ என்ன செய்வது என்று போன பரிசோதனையில் பேச்சு வந்தது. ஃப்ளாப்பைத் தூக்கிச் சின்னதாகத் திருத்தலாம், கனம் மிச்சம் இருக்கிறது என்றார் இப்போது பார்க்கும் மருத்துவர். இத்தனை வருடம் கழித்துத் தூக்கினால் ஓரத்து மேல்தோல் செல்கள் அடியில் புகுந்து வளரும் வாய்ப்பு கூடும் என்பதையும் கேட்காமலே அவரே சொன்னார், அதற்காகவே அவர்மேல் மரியாதை வந்தது. தூரத்துக்குக் குறையாகத் தெரிகிற அந்த முக்கால் புள்ளிதான் கைபேசி எழுத்தைப் படிக்க எனக்கு உதவிக்கொண்டிருக்கிறது. வலது கண்ணை மூடிப் பார்த்தால் திரை கொஞ்சம் தெளிகிறது, இடதை மூடினால் மங்குகிறது. காசு கொடுத்து மோனோவிஷன் செய்பவர்களுக்குக் கிடைப்பதில் பாதி எனக்குச் சும்மா வந்திருக்கிறது. அப்படியே விடுங்கள் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். நெடுஞ்சாலையில் இரவு ஓட்டத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதி வாங்கினேன், வலதில் பவரே இல்லாத கண்ணாடி, இடதில் 0.75. கடைக்காரர் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கா கண்ணாடி என்று கேட்டார்.